படியளந்தது யார்? செங்கல்பட்டுப் படியாட்களின் கூலி வரலாறு

சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் அச்சரப்பாக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனி வேனுக்காகக் காத்திருந்த தம்பி ஒருவன் பேச்சுக் கொடுத்தான். டிப்ளமோ முடித்தவன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் மூன்று வருடமாக வேலை செய்கிறான். அதே லைனில், அதே மெஷினில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளி வாங்கும் சம்பளத்தில் பாதிகூட இவனுக்கு வருவதில்லை.

"கேட்டுப் பாத்தியா?" என்றேன்.

"கேட்டா நாளைக்கு வேன் நம்ம ஊருல நிக்காதுக்கா" என்றான்.

வேன் வந்தது. ஏறிப் போய்விட்டான். எனக்கு அந்தப் பதில்தான் மனசிலேயே நின்றது. ஏறத்தாழ நூற்று முப்பது வருடங்களுக்கு முன்பு இதே செங்கல்பட்டுச் சீமையில் ஒரு படியாளிடம் "ஏன் கூலியைக் கூட்டிக் கேட்கவில்லை?" என்று கேட்டிருந்தால் அவரும் இதே போன்ற பதிலைத்தான் சொல்லியிருப்பார்: "கேட்டால் மனையை விட்டுப் போகச் சொல்வார்கள்."

குறைந்த சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது "சந்தையில் அதுதான் ரேட்" என்பார்கள். நம் மாவட்டத்தின் வரலாறு வேறு ஒன்றைச் சொல்கிறது. இங்கே கூலி தானாகக் குறைந்து கிடக்கவில்லை. கேட்க முடியாத நிலையில் மனிதர்களை வைத்திருந்ததால் குறைந்து கிடந்தது. அந்த நிலையை உண்டாக்கியவர்கள் உண்டு, அதற்கு உதவிய சட்டங்கள் உண்டு, அதை உடைக்கப் போராடியவர்களும் உண்டு. மூன்றையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

படியும் படியாளும்

படி என்பது தானியம் அளக்கும் அளவை. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். நெல்லைப் படியால் அளந்து கூலியாகப் பெற்றவர் படியாள். செங்கல்பட்டு மாவட்டத்து ஆவணங்களில் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும். படியாட்களில் மிகப் பெரும்பாலோர் சேரியில் வாழ்ந்த பறையர்கள். நிலத்தின் மீது பரம்பரை உரிமை கொண்டாடிய மிராசுதாரர்கள் வேளாளர், பிராமணர் முதலிய சாதிகளைச் சேர்ந்தவர்கள்.

"படியளக்கிறவர்" என்று தமிழில் யாரைச் சொல்கிறோம்? கடவுளை. பிறகு, சோறு போடும் முதலாளியை. நாள் முழுக்கச் சேற்றில் நின்று நெல்லை விளைவித்தவர் வாங்குபவர் ஆகிவிட்டார். அந்த நெல்லிலேயே கொஞ்சம் அளந்து போட்டவர் கொடுப்பவர் ஆகிவிட்டார். கூலி என்பது உழைப்புக்கு வரவேண்டிய பாக்கி என்கிற எண்ணம் மறைந்து, அது ஒரு தருமம் போலத் தோன்றுவதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்பவர் செங்கல்பட்டுச் சீமையை அளந்து கணக்கெடுத்தார். களத்தில் நெல்லைப் பங்கு பிரிக்கும் முன்பே கோயிலுக்கு இவ்வளவு, கணக்கருக்கு இவ்வளவு, வெட்டியானுக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த பங்குகள் அக்கணக்குகளில் உள்ளன. இந்தப் பங்குகளுக்கு மேரை என்று பெயர், சுதந்திரம் என்றும் பெயர். இதைக் காட்டி, "அந்தக் காலத்தில் எல்லோருக்கும் பங்கு இருந்தது, எல்லோரும் இணக்கமாக வாழ்ந்தார்கள்" என்று சிலர் எழுதுவதுண்டு. பங்கு இருந்தது உண்மை. யாருக்கு எவ்வளவு என்பதைச் சாதி தீர்மானித்தது என்பதும் அதே அளவு உண்மை. அந்தச் "சுதந்திரம்" கூடவோ குறையவோ கேட்கும் சுதந்திரம் படியாளுக்கு இல்லை.

எங்கள் ஆயா நாற்று நடப் போனவர். "வாங்குற மரக்கா வேற, குடுக்குற மரக்கா வேற" என்று சொல்வார். தலை தட்டி அளப்பதும் குவித்து அளப்பதும் அளக்கும் கையின் விருப்பம். ஆணுக்கு ஒரு அளவு, அதே வெயிலில் குனிந்து நட்ட பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த அளவு. களத்தைக் கூட்டி எடுத்த, மண் கலந்த நெல்லை முறத்தில் புடைத்து எடுத்து வருவதும் பெண்கள் வேலை. அதையும் கூலிக்கணக்கில் சேர்த்துவிடுவார்களாம்.

மூன்று கட்டுகள்

படியாளைக் கேட்க விடாமல் வைத்திருந்த கட்டுகள் மூன்று.

முதல் கட்டு மனை. சேரியில் குடிசை போட்டிருந்த நிலம் படியாளுக்குச் சொந்தமில்லை. மிராசுதாரர் அதைத் தன்னுடையது என்றார். அவரிடம் வேலை செய்யும்வரை குடியிருக்கலாம். கூலித் தகராறு வந்தால், மதம் மாறினால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல அவரால் முடிந்தது. தலைக்கு மேல் இருக்கும் கூரை முதலாளியின் கையில் இருக்கும்போது கூலியைப் பற்றிப் பேரம் பேச முடியுமா?

இரண்டாவது கட்டு முன்பணம். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு தொகைக்காக, தீரும்வரை வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது. கூலியே அரை வயிற்றுக்கு என்றால் கடன் எப்படித் தீரும்? அப்பன் பட்ட கடனுக்கு மகன் ஏர் பிடித்தான். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதியில் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. ஆனால் 1859-இல் வந்த இன்னொரு சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியைக் கடுங்காவல் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் என்று அதற்குப் பெயர். கூலி தராத முதலாளிக்குச் சிறை இல்லை. நகரத்துக் கைத்தொழிலாளர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டம் கிராமத்துப் படியாளை மிரட்டவும் பயன்பட்டது. 1920களில்தான் அது ஒழிந்தது.

மூன்றாவது கட்டு நிலமின்மை. தரிசு நிலம் ஊரைச் சுற்றி இல்லாமலில்லை. அதைக் கேட்டு அரசுக்குத் தர்க்காஸ்து கொடுக்கலாம். ஆனால் சேரியிலிருந்து ஒருவர் மனுப் போட்டால், அந்த நிலத்தின் மீது முன்னுரிமை கோர மிராசுதாரருக்கு விதிகள் இடம் கொடுத்தன. பல காலம் தரிசாகவே கிடந்த நிலத்துக்கு, சேரிக்காரர் கேட்டவுடன் உரிமையாளர் முளைத்துவிடுவார். காரணம் எளிது. படியாளுக்குக் காணி நிலம் கிடைத்துவிட்டால், அடுத்த நாள் நாற்றங்காலுக்கு ஆள் தேடவேண்டும். கூலியைக் கூட்டிக் கொடுக்கவேண்டும்.

வெளியேறுவதும் ஒரு பேரம்

இத்தனைக்கும் நடுவில் நம் முன்னோர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கேட்க முடியாதபோது அவர்கள் வெளியேறினார்கள். சென்னைக்கும், பர்மாவுக்கும், இலங்கைக்கும், மொரிஷியசுக்கும், நேட்டாலுக்கும் போனார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்ற கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தைச் சேர்ந்தது. அதற்குப் பின் போன கப்பல்களில் செங்கல்பட்டு, வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். ஐந்து வருட ஒப்பந்தம், உணவுப் பொருளுடன் மாதம் பத்து ஷில்லிங் என்ற கணக்கில் கூலி தொடங்கியது. கரும்புத் தோட்டத்தில் பட்ட அடியும் அவமானமும் தனி வரலாறு. ஆனாலும் மாதத்துக்கு இவ்வளவு என்று காசில் எழுதப்பட்ட கூலி, அளக்கும் கையின் விருப்பப்படி கிடைத்த படிநெல்லைவிட மேல் என்று பலர் நினைத்ததில் வியப்பில்லை.

அங்கேயும் கட்டு வந்து சேர்ந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் சுதந்திரமாக நின்று நல்ல கூலி கேட்டுவிடக் கூடாது என்று 1895-இல் நேட்டால் அரசு ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி போட்டது. வரி கட்ட முடியாவிட்டால் மறுபடி ஒப்பந்தத்தில் சேரவேண்டும், அல்லது ஊருக்குத் திரும்பவேண்டும். 1913-இல் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு அந்த வரி நீக்கப்பட்டது. காந்தியின் பெயரில் பாடப்புத்தகத்தில் வரும் அந்தப் போராட்டத்தின் கால்கள் நம் சேரிகளிலிருந்தும் நடந்து போனவை.

1891: கூலிக்கேள்வி நிலக்கேள்வியானது

1876-78 பெரும் பஞ்சம் சேரிகளைத்தான் முதலில் தின்றது. அதன்பிறகு செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் படியாட்களின் நிலையைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். சேரி மக்களே அவர்களிடம் போய் மனை வேண்டும், நிலம் வேண்டும் என்று கேட்டதால்தான் அவர்கள் எழுதினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

1891 அக்டோபரில் செங்கல்பட்டுக் கலெக்டர் ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர் 'செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு' என்ற அறிக்கையை அரசுக்கு எழுதினார். நமது இயக்கங்கள் அதைப் பஞ்சமி நிலத்தின் பிறப்புச் சான்றிதழாகவே பார்க்கின்றன. அது சரிதான். அதே சமயம் அதைக் கூலியைப் பற்றிய அறிக்கையாகவும் படிக்கவேண்டும். கூலி ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு டிரெமென்ஹீர் "சோம்பேறிகள்", "குடிகாரர்கள்" என்ற வழக்கமான பதிலோடு நிற்கவில்லை. மனை சொந்தமில்லை, கடன் பத்திரம் கழுத்தில் தொங்குகிறது, தரிசு நிலம் கேட்டால் மிராசு முன்னுரிமை தடுக்கிறது, ஒப்பந்த மீறல் சட்டம் மிரட்டுகிறது என்று மேலே நாம் பார்த்த கட்டுகளையே காரணமாக வைத்தார். அதனால் அவர் பரிந்துரைத்தவையும் மனை, நிலம், பள்ளி, மிராசு முன்னுரிமையை நீக்குவது என்று அமைந்தன.

டிரெமென்ஹீரை மீட்பராக வணங்கத் தேவையில்லை. அவருடைய அரசே அவர் சொன்னதில் பாதியை ஏற்கவில்லை. மிராசுதாரர்களிடமிருந்து நிலவரி வாங்கி வாழ்ந்த அரசு அது. படியாளைக் கட்டி வைத்திருந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்பதை ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளியான தன் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். இருந்தாலும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010-ஏ எண் அரசாணைகள் வழியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் வழி திறந்தது. பின்னால் உருவான விதிகளின்படி அந்த நிலத்தைப் பத்து வருடத்துக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம்.

அடுத்த ஆண்டு, 1893-இல், 'பறையன்' என்ற பெயரையே தலைப்பாக வைத்துச் சென்னையில் பத்திரிகை தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர், நம் மண்ணுக்காரர். அறிக்கைகளில் பேசப்படும் பொருளாக இருந்தவர்கள் தாங்களே பேசத் தொடங்கினார்கள்.

1920-இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி முழு அளவில் செயல்படத் தொடங்கியது. ஆலைத் தொழிலாளர் விவகாரம் மட்டும் அதன் வேலை இல்லை. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு வீட்டுமனை ஏற்பாடு செய்வது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. இன்று ஆதிதிராவிடர் நலத்துறை மனைப்பட்டா கொடுப்பதை "சலுகை" என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மனைப்பட்டாவின் வேர் கூலிப் பிரச்சினையில் இருக்கிறது.

அந்த நிலம் எங்கே போனது என்பதும் உங்களுக்குத் தெரியும். பொய்ப் பத்திரம், கடன், மிரட்டல், பதிவேட்டில் செய்த திருத்தம் என்று பல வழிகளில் கைமாறியது. அதைத் திரும்பக் கேட்டுக் காரணை மக்கள் நடத்திய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

சட்டம் வந்தது, யாருக்கு வந்தது?

வைசிராய் அவையில் தொழிலாளர் பொறுப்பு உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை மத்திய சட்டசபையில் அறிமுகப்படுத்தினார். ஜெகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது 1948-இல் அது சட்டமானது. கூலி என்பது முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் பேசி முடிக்கும் விஷயம் மட்டுமே இல்லை, அதற்குக் கீழே போகக் கூடாத ஒரு தரை உண்டு என்று சட்டம் சொன்னது. அதைச் சட்டமாக்கும் பாதையில் தீண்டாமையை அனுபவித்த இரண்டு தலைவர்கள் நின்றார்கள் என்பதை எந்தப் பாடநூலும் நமக்கு அழுத்திச் சொல்வதில்லை.

1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செங்கொடி இயக்கம் வலுவாக இருந்த தஞ்சைக்காக வந்த சட்டம் அது. செங்கல்பட்டுப் படியாளுக்கு அதில் இடமில்லை. தஞ்சையிலும் நிலக்கிழார்கள் பண்ணையாட்களை நீக்கிவிட்டு, சட்டத்துக்குள் வராத தினக்கூலிகளாக மாற்றிக்கொண்டார்கள். இன்று நிரந்தரத் தொழிலாளியை எடுத்துவிட்டு கான்ட்ராக்ட் ஆள் வைப்பது புதிய மேனேஜ்மென்ட் உத்தி என்று நினைக்கிறோம். அது 1952-இலேயே வயலில் நடந்தது.

கூலி உயர்வு கேட்டதற்காக, அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். முதன்மைக் குற்றவாளி என்று தண்டிக்கப்பட்ட நிலக்கிழாரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் என்று ஒன்று வந்தது. நியாயக் கூலி என்ற சொல் தமிழ்நாட்டுச் சட்டப்புத்தகத்தில் ஏற 44 உயிர்கள் போகவேண்டியிருந்தது. அதுவும் கீழத் தஞ்சைப் பகுதியோடு நின்றது.

இன்னொரு படியேற்றம் 1982-இல் டெல்லியில் நடந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விளக்கம் தந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்தால் அவர் விரும்பிச் செய்கிறார் என்று சொல்ல முடியாது. பசியும் வறுமையும் கட்டாயம்தான். ஆகவே அது அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு. "அவனாத்தானே வந்து சேர்ந்தான்?" என்று இனி யாராவது கேட்டால், இந்தத் தீர்ப்புதான் பதில்.

இன்றைய கட்டுகள்

செங்கல் சூளையிலும், மரம் வெட்டும் இடத்திலும், அரிசி ஆலையிலும் இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்து மீட்கப்படும் செய்தி இன்றும் வடமாவட்டங்களிலிருந்து வருகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. முன்பணம் என்கிற இரண்டாவது கட்டு அறுந்துவிடவில்லை.

நூறு நாள் வேலைக்கு 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். ஏரிக்கரையில் அன்றைக்கு வெட்டிய மண்ணை அளந்து, "அளவு குறைவு" என்று சொல்லி அதற்கும் கீழே போட்ட நாட்களை நம் அம்மாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மரக்கால் போய் டேப் வந்திருக்கிறது. அளக்கும் கை இன்னும் நம்முடையது இல்லை.

படித்தவர்கள் தப்பித்துவிட்டோம் என்று நினைக்கவேண்டாம். எம்.ஏ. சமூகவியல் முடித்து நான் முதலில் சேர்ந்தது ஒரு தொண்டு நிறுவனம். கொத்தடிமைகளுக்குக் குறைந்தபட்சக் கூலியைப் பற்றி வகுப்பெடுப்பது என் வேலை. என்னுடன் அதே படிப்போடு, அதே பொறுப்பில் சேர்ந்தவருக்கு என்னைவிடக் கூடுதல் சம்பளம் என்று எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது. கேட்கப் போனேன். "நீங்க உங்க மக்களுக்காகத்தானே வேலை செய்றீங்க, சேவை மனப்பான்மை வேணும்" என்றார்கள். வாயடைத்துத் திரும்பி வந்தேன். ஊருக்கெல்லாம் கூலி கேட்கச் சொல்லிக் கொடுத்தவளுக்குத் தன் கூலியைக் கேட்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் படியளக்கிறவர் என்ற சொல் நினைவுக்கு வந்தது. கொடுப்பவரிடம் கேட்பது நன்றிகெட்டதனம் என்று நமக்குள் யாரோ ஊற்றி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது முறை தனியாகப் போகவில்லை. எங்களில் நாலு பேர் வேலை, படிப்பு, சம்பளம் என்று பட்டியல் போட்டு, கையெழுத்திட்டு, எழுத்தில் கொடுத்தோம். முழுதாகக் கிடைக்கவில்லை, பாதி கிடைத்தது. ஒரு தோழர் வேலையை விட்டுப் போகவேண்டியும் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு வரலாறு தரும் பாடம் இதுதான். சம்பளம் குறைவு என்று தோன்றினால் முதலில் உங்களைச் சந்தேகப்படாதீர்கள். எது உங்களைக் கேட்க விடாமல் தடுக்கிறது என்று பாருங்கள். தங்கும் அறையா, வாங்கிய முன்பணமா, ஏஜென்சி பிடித்து வைத்திருக்கும் அசல் சான்றிதழா, வேனா? அந்தக் கட்டுக்குப் பெயர் வையுங்கள். உங்கள் வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். வேலைக்குப் போன நாள், ஓவர்டைம், கைக்கு வந்த பணம் மூன்றையும் ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். சம்பளத்தை ஒருவருக்கொருவர் மறைக்காதீர்கள், ரகசியம் முதலாளிக்கு மட்டுமே லாபம். சேர்ந்து கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அரசுத் துறையில் தற்காலிகமாக இருப்பவர்கள், சம வேலைக்குச் சம ஊதியம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்து வையுங்கள்.

அரசு ஊழியர் சம்பளப் பட்டியலில் அகவிலைப்படி என்று ஒரு வரி இருக்கும். பயணப்படி, வீட்டு வாடகைப்படி என்றும் இருக்கும். எல்லாம் அதே படிதான். விலைவாசி ஏறினால் அகவிலைப்படி கணக்குப் போட்டு ஏறுகிறது. யாரும் அதைத் தருமம் என்று சொல்வதில்லை, வாங்குபவரும் தலை குனிந்து வாங்குவதில்லை. சங்கம் வைத்துக் கேட்டார்கள், உரிமை ஆயிற்று.

வேனில் ஏறிப் போன அந்தத் தம்பியை மறுபடி பார்த்தால் இந்தக் கதையை முழுதாகச் சொல்லவேண்டும் என்று இருக்கிறேன். அந்த வேனில் அவனோடு எத்தனை பேர் போகிறார்கள் என்றும் கேட்கவேண்டும்.